பெரியத்தா கொடுத்த பாதி வீடு

அஸ்ஸலாமு அலைக்கும் மாப்பிள்ளை,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டுவாய், அதை நேரில் வைத்துக்கொள். எல்லாரும் நலம். ராத்தா மகளுக்குப் பரீட்சை முடிந்தது, அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெரியத்தா வீட்டைத் திருப்பிக் கேட்கிறார். வீடு என்றால் அவருடைய பாதி. அத்தாவும் அவரும் இன்னும் பாகம் பிரிக்காத அதே வீடுதான். பெரியம்மாவின் தங்கை மகனுக்கு, நம்ம 'கலெக்டருக்கு', ஹிபாவாக, அதாவது விலை வாங்காத கொடையாக, எழுதிக் கொடுத்தாரே, அது. இப்போது அவன் கல்யாணப் பேச்சில் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

'பத்திரம் பதியவே இல்லை, செல்லாது' என்று எங்கள் ஆட்கள் குதித்தார்கள். வக்கீல் அடக்கிவிட்டார். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 129ஆம் பிரிவு முஸ்லிம் ஹிபாவுக்கு விலக்குத் தருகிறதாம். 2011இல் ஹஃபீஸா பீபி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லியிருக்கிறது. கொடுத்தேன் என்ற சொல், ஏற்றேன் என்ற சொல், சுவாதீனம், அதாவது சொத்தின் கைவசம், ஒப்படைப்பது, இவ்வளவுதான்.

சுவாதீனத்தில்தான் சிக்கல். எங்கள் ஹனஃபி பிரிவின் சட்டத்தில், பிரிக்கக்கூடிய பொதுச் சொத்தில் பிரிக்காத பங்கைக் கொடுத்தால் அது முஷா. அடியோடு செல்லாது என்றில்லை. குறையோடு நிற்கும், பிறகு பாகம் பிரித்து ஒப்படைத்தால் சரியாகிவிடும். இங்கே பிரிக்கவே இல்லை. ஆகவே ரத்து என்ற பேச்சே வேண்டாம், கொடுத்து முடியாததை எதற்குத் திரும்ப வாங்குவது என்கிறார் வக்கீல். வீட்டில் எல்லார் முகத்திலும் பெருநாள் பிறை கண்ட களை!

அவன் வக்கீல் சும்மா இருப்பாரா? வளரும் சமூகத்துக்கு முஷா ஒத்துவராது, அதை இறுக்கமான எல்லைக்குள் வைக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1889இலேயே சொல்லிவிட்டது. 1907இல் ரங்கூன் வழக்கில், பெரிய வணிக நகரத்துச் சொத்துக்கு அது பொருந்தாது என்றும் ஆயிற்று. நம் ஊரை வணிக நகரம் என்று ஒரு நீதிபதி நம்பிவிட்டால் போதும், கலெக்டர் ஜெயித்தான்.

ஹிபா முடிந்தது என்றாகிவிட்டால், வெறும் நோட்டீஸ் விட்டு எடுக்க முடியாது. அவன் சம்மதிக்க வேண்டும், இல்லை கோர்ட் தீர்ப்பு வேண்டும். மணமுடிக்கக் கூடாத ரத்த உறவு என்றால் தீர்ப்பும் கிடைக்காது. இவன் பெரியம்மா வழி, அந்தக் காப்பு இல்லை. ஆனால் மாடியில் தன் காசில் ஓர் அறை எழுப்பியிருக்கிறான், பூச்சு இல்லாத செங்கல் சுவரும் பழைய கதவுமாக. கொடுத்த சொத்தோடு ஒட்டி மதிப்புக் கூடிவிட்டால் திரும்ப எடுக்க முடியாதாம். அந்தச் செங்கலைத்தான் அத்தா இப்போது முறைத்துக்கொண்டு திரிகிறார்.

உங்கள் ஷாஃபி பிரிவுக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. பிரிக்காத பங்கையும் கொடுக்கலாம். பெற்றவர்களோ பாட்டன் பாட்டியோ பிள்ளை, பேரப்பிள்ளைக்குக் கொடுத்ததைத் தவிர வேறு யாரும் திரும்பக் கேட்க முடியாது. கீழக்கரையில் பிறந்ததற்கு உனக்கு ஒரு லாபமாவது இருக்கிறதே.

விளையாட்டு போகட்டும். பெரியத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூத்திரப் பை மாற்றியது அவன்தான், எங்களில் ஒருவரும் இல்லை. கொடுத்ததைத் திரும்ப எடுப்பவன் தன் வாந்தியைத் தானே தின்னும் நாய் போன்றவன் என்ற ஹதீஸை அத்தாவிடம் சொன்னேன். 'சட்டத்தைப் பேசு' என்றார்.

அந்தக் காகிதத்தில் சாட்சிக் கையெழுத்து உன்னுடையது. அன்று பெரியத்தா சாவியை அவன் கையில் கொடுத்தாரா, காட்டிவிட்டு மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாரா என்று உன்னைக் கேட்பார்கள். அதற்கு முன் எங்கள் வீட்டிலிருந்து ஆள் வரும், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லியும் தருவார்கள். நீ பார்த்ததை மட்டும் சொல். என் முகத்துக்காக ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

வஸ்ஸலாம்.