வீட்டு மின்கார் சார்ஜர் பொருத்தக் கூடுதலாக வசூலித்த கட்டணம் குறித்த புகார்

அனுப்புநர்:
மின்கார் உரிமையாளர்,
வடவள்ளி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சார்ஜர் விற்பனை மற்றும் பொருத்துதல் நிறுவனம்.

பொருள்: 7.2 கிலோவாட் வீட்டு சார்ஜருக்குச் சொன்ன விலைக்கும் இறுதி பில்லுக்கும் உள்ள வேறுபாடு, செய்யாத வேலைக்குக் கட்டணம், பாதுகாப்புக் குறைபாடுகள் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்திடமிருந்து 7.2 கிலோவாட் ஏசி (மாறுதிசை மின்னோட்ட) சார்ஜர் வாங்க முடிவு செய்தபோது, சார்ஜரும் பொருத்துதலும் சேர்த்து வரி நீங்கலாக ரூ.42,000 மட்டுமே என்று தங்கள் விளம்பரமும் விற்பனைப் பிரதிநிதியின் வாட்ஸ்அப் செய்தியும் தெரிவித்தன. வேலை முடிந்தபின் எனக்குத் தரப்பட்ட பில்லின் மொத்தத் தொகை ரூ.88,500. இடையில் நான் எந்தக் கூடுதல் வசதியும் கேட்கவில்லை. சார்ஜரின் மாடலும் அதை மாட்ட வேண்டிய சுவரும் மாறவில்லை.

பணம் கட்டுவதற்கு முன்பே, தங்கள் பிரதிநிதி கேட்டதன் பேரில், மீட்டர் பெட்டி, கார் நிறுத்துமிடம், இரண்டுக்கும் நடுவே கேபிள் போக வேண்டிய சுவர் ஆகியவற்றின் படங்களை அனுப்பி, தூரம் ஏறத்தாழ 28 மீட்டர் என்றும் எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் ‘பிரச்சினை இல்லை சார், இதே விலைதான்’ என்று பதில் வந்தது. முழுத் தொகையையும் வரியோடு பெற்றுக்கொண்ட பிறகே தங்கள் ஆள் வந்து இடத்தைப் பார்வையிட்டு, முதல் 10 மீட்டர் மட்டுமே விலைக்குள் அடங்கும், மீதி 18 மீட்டருக்கு, ஒரு மீட்டருக்கு ரூ.750 வீதம் தர வேண்டும் என்றார். வேண்டாம் என்று ரத்து செய்தால் கட்டிய தொகையில் 20 சதவீதம் பிடித்தம் செய்யப்படும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தூரத்தை அறிந்திருந்தும் அதற்கான செலவைப் பணம் கைக்கு வரும்வரை சொல்லாமல் இருந்ததே என் முதன்மையான குறை. இடத்தைப் பார்த்து, எழுத்துப்பூர்வமான கொட்டேஷன் கொடுத்து, அதன்பிறகு பணம் வாங்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது.

அந்த 18 மீட்டருக்கு ரூ.13,500 செலுத்தியிருக்கிறேன். பில்லில் ‘6 ஸ்கொயர் எம்எம் செம்பு கேபிள்’ என்று எழுதப்பட்டுள்ளது. ஆனால் பைப் முடியும் இடத்துக்கும் பாதுகாப்புப் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு வெளியே தெரியும் கேபிளின் மேலுறையில் ‘3 கோர் 4 எஸ்க்யூ எம்எம்’, அதாவது 4 ஸ்கொயர் எம்எம் கனம் மட்டுமே என்று தெளிவாக அச்சாகியுள்ளது. அதிக மின்சாரம் இழுக்கும் கீசர்கூடக் கால் மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இந்த சார்ஜரோ 40 யூனிட் பேட்டரியை நிரப்ப சுமார் ஆறு மணி நேரம், ஏறத்தாழ 32 ஆம்பியர் மின்னோட்டத்தைத் தொடர்ந்து இழுக்கும். அவ்வளவு நேரம் பைப்புக்குள் சூடேறும் கேபிளுக்கு, அதுவும் 28 மீட்டர் தூரத்துக்கு, கனம் குறைந்த கம்பியைப் போட்டுவிட்டுக் கனமான கம்பிக்குப் பணம் வாங்கியிருப்பதை விலைப் பிரச்சினையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. இரவில் வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில்தான் கார் சார்ஜ் ஆகிறது.

பாதுகாப்புப் பெட்டிக்கு ரூ.6,800 வாங்கியுள்ளீர்கள். அதிலுள்ள ஆர்சிசிபியின் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) முகப்பில் ஒற்றை அலைக்கோடு மட்டுமே இருக்கிறது. அதாவது அது ‘ஏசி’ வகை. சார்ஜரோடு வந்த கையேடு ‘ஏ’ வகை 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் என்கிறது. தங்கள் கையேட்டையே தங்கள் நிறுவனம் பின்பற்றாதது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

புதிய எர்த் குழிக்கு ரூ.9,500 பில்லில் உள்ளது. எங்கள் வீட்டைச் சுற்றிலும் சிமெண்ட் தளம். அதில் ஓர் இடத்தில்கூட உடைத்த தடம் இல்லை. மீட்டர் பெட்டிக்குக் கீழே பல ஆண்டுகளாக இருக்கும் பழைய எர்த்திலிருந்தே பச்சைக் கம்பி இழுக்கப்பட்டுள்ளது. மண் வறண்டால் எர்த்தின் தடை கூடும் என்பதால், பழையதையே பயன்படுத்துவதானாலும் அதை எர்த் மெகர் (எர்த் தடையை அளக்கும் கருவி) வைத்து அளந்திருக்க வேண்டும். அந்த அளவீடும் நடக்கவில்லை. வேலைக்கு வந்த இரு பணியாளர்களும் பொறுமையாகவும் மரியாதையாகவும் நடந்துகொண்டார்கள். அவர்களிடம் கொடுத்தனுப்பிய பொருளை வைத்து வேலை செய்தார்கள். அவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவர்களிடம் பிடித்தம் எதுவும் செய்யக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

‘மின்வாரிய நடைமுறைக் கட்டணம்’ என்று ரூ.3,200 சேர்க்கப்பட்டுள்ளது. எங்களுடையது மும்முனை இணைப்பு. அனுமதிக்கப்பட்ட மின்பளுவும் போதுமானது. வீட்டில் இருக்கும் இணைப்பிலிருந்தே மின்வாகனத்தை சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே அனுமதித்துவிட்டது. என் பெயரில் எந்த விண்ணப்பமும் கொடுக்கப்படவில்லை, எந்த ரசீதும் தரப்படவில்லை. அப்படியிருக்க, இந்தப் பணம் யாருக்குப் போனது?

வரியிலும் தவறு உள்ளது. மின்வாகன சார்ஜர்களுக்கான ஜிஎஸ்டி 2019 ஆகஸ்ட் 1 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தாங்களோ ரூ.42,000-க்கும் 18 சதவீதம் போட்டு ரூ.7,560 வசூலித்துள்ளீர்கள், 5 சதவீதமானால் ரூ.2,100 தான்.

ஆகவே, செய்யாத எர்த் வேலைக்கும் நடக்காத மின்வாரிய நடைமுறைக்கும் வாங்கிய ரூ.12,700-ஐ அதன் மீதான வரி ரூ.2,286-உடனும், அதிகமாக வாங்கிய ஜிஎஸ்டி ரூ.5,460-உடனும் சேர்த்து, ரூ.20,446-ஐத் திருப்பித் தருமாறு கேட்கிறேன். கேபிளையும் ஆர்சிசிபியையும் தங்கள் செலவில் மாற்றி, எர்த் தடையை அளந்து எழுத்தில் தர வேண்டும். மீட்டருக்கு ரூ.750 என்பதில் கேபிள் எவ்வளவு, பைப் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துக் காட்டவும் வேண்டும். நியாயமான கூலியைக் குறைத்துக் கேட்பது என் எண்ணம் அல்ல. கேபிள் மாற்றப்படும்வரை, காரோடு வந்த 3.3 கிலோவாட் சார்ஜரை 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டியே சமாளித்து வருகிறேன்.

பில், பணம் செலுத்திய ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், கேபிள் மற்றும் ஆர்சிசிபியின் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட ஆணையத்தில் முறையிடுவேன். தங்கள் பொறியாளர் நேரில் வந்து பார்ப்பதானால், முந்தைய நாள் தெரிவித்தால் போதும்; மீட்டர் பெட்டியைத் திறந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வடவள்ளி, கோயம்புத்தூர்.