சோடாபுட்டிக்கு, சர்வரை மாற்றுவதற்கு முன்

அன்புள்ள சோடாபுட்டி,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்குப் பத்தாம் வகுப்பு என்பதால் வீடே டியூஷன் நேரத்தை வைத்துத்தான் நடக்கிறது. மற்றதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

நம் நண்பன் மேஸ்திரி நேற்று போன் பண்ணியிருந்தான். நீ உங்கள் சங்கத்து சர்வரை வரும் ஞாயிறு ராத்திரி புது மெஷினுக்கு மாற்றப் போகிறாய் என்றான். இயங்குதளம் சென்டாஸ் 7இலிருந்து ராக்கி 9, இரண்டும் லினக்ஸ்தான். டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரஸ் அதே 13தான். புது மெஷினை ரெப்ளிகாவாக, அதாவது பழையதை நகலெடுக்கும் மெஷினாக நிறுத்தி, டேட்டா முழுக்க வந்து சேர்ந்ததும் அதையே பிரைமரி, அதாவது முதன்மை மெஷின் ஆக்கிவிடுவாயாம், கவுன்டரை ஒரு நிமிஷம்கூட மூட வேண்டாமாம். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதே. போனில் சொன்னால் "சரி சரி" என்றுவிட்டு நினைத்ததையே செய்வாய், ஹாஸ்டல் மோட்டார் விஷயத்தில் செய்த மாதிரி. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் உதிரிபாகக் கிடங்கில் இதே திட்டத்தை அப்படியே நிறைவேற்றினார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்வது வேறொரு கம்பெனி. மறுநாள் காலை எல்லாம் ஓடியது. லாகில் ஒரு எர்ரர் கிடையாது. எங்கள் எஸ்டிகே (புரோகிராமை டேட்டாபேஸோடு இணைக்க நாங்கள் தரும் மென்பொருள் தொகுப்பு) கேட்கிற நிபந்தனைகள் எல்லாமே பொருந்தியிருந்தன: 64 பிட் லினக்ஸ், டிரைவரின் பதிப்பு, ஓப்பன்எஸ்எஸ்எல் 3. சில வாரம் கழித்து ஸ்டோர் கீப்பர் கூப்பிட்டார். அலமாரியில் கண்ணெதிரே இருக்கிற சாமானை கம்ப்யூட்டர் இல்லை என்கிறது. இல்லை என்றதால் அவர் புதிதாகப் பதிந்திருக்கிறார், அதுவும் ஏறியிருக்கிறது. இண்டெக்ஸ் என்பது தேடலுக்கான வரிசைப் பட்டியல்; ஒரே மதிப்பு இரண்டு தடவை வராமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் போட்ட ஃபீல்டில் ஒரே பாக எண் இரண்டு தடவை! கையிருப்பில் இருந்த பேரிங்குகளையே மறுபடி வாங்கியிருந்தார்கள். பாவம், அந்த மனிதர்மேல் திருட்டுச் சந்தேகம் வரை போய்விட்டது. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை போஸ்ட்கிரஸ் தானாக முடிவு செய்வதில்லை. வேறெதுவும் நாம் குறிப்பிடாவிட்டால் இயங்குதளத்தின் சி லைப்ரரியை, அதாவது புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அடிப்படைத் தொகுப்பைத்தான் கேட்கும், லினக்ஸில் பெரும்பாலும் ஜிலிப்சி. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28இல், ஐஎஸ்ஓ 14651 தரத்தின் புதிய பதிப்பைப் பின்பற்றி, ஏறக்குறைய எல்லா மொழிகளுக்கும் வரிசையைத் திருத்தினார்கள். திருத்தியதில் தப்பில்லை, செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் உன் இண்டெக்ஸ் பழைய வரிசையில் கட்டப்பட்டு டிஸ்கில் கிடக்கிறது. சென்டாஸ் 7இல் இருப்பது ஜிலிப்சி 2.17, ராக்கி 9இல் 2.34. பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை ஒருவர் ஒரு வரிசையில் எழுதிவைத்துப் போக, அடுத்து வந்தவர் வேறு வரிசையை மனதில் வைத்துக்கொண்டு பக்கம் புரட்டினால் எப்படியோ அப்படித்தான். இண்டெக்ஸின் மர அமைப்பான பி-ட்ரீ ஒவ்வொரு படியிலும் இடமா வலமா என்று கேட்டுக் கீழே இறங்கும். ஒரு இடத்தில் தப்பான பக்கம் திரும்பிவிட்டால் அந்த ரோ, அதாவது பதிவு, இருந்தும் கண்ணில் படாது.

நடுவில் கோடு போட்ட எண்கள்தான் முதலில் மாட்டும். உங்கள் உறுப்பினர் எண்ணெல்லாம் அப்படித்தானே? நீயே சோதித்துப் பார். 1-1 என்று ஒரு வரி, 11 என்று ஒரு வரி. இரண்டையும் யுஎஸ் இங்கிலீஷ் யுடிஎஃப்-8 லோகேலில் (மொழி அமைப்பில்), வரிசைப்படுத்தும் சார்ட் கமாண்டுக்குக் கொடு. பழைய மெஷின் 11ஐ முதலில் காட்டும், புதியது 1-1ஐ முதலில் காட்டும்.

நீ சொல்லப் போவது தெரியும்: ரெப்ளிகா என்றால் போஸ்ட்கிரஸே பார்த்துக்கொள்ளுமே என்பாய். ஆனால் நீ போடப்போகும் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் டிஸ்க் பக்கங்களை அப்படியே நகல் எடுக்கிறது, பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸும் சேர்ந்தேதான் போகும். போஸ்ட்கிரஸ் பதிப்பை உயர்த்தும் பிஜி அப்கிரேடு கருவியும் இண்டெக்ஸைத் திரும்பக் கட்டாது. டேட்டாபேஸின் இயல்பு வரிசை மாறியிருக்கிறது என்று எச்சரிக்கும் வசதி 2022இல் வந்த 15ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. உன் 13 வாயே திறக்காது.

அதனால் இப்படிச் செய். கவுன்டரை ஒரு ராத்திரி மூட விட்டால் டேட்டாவை டம்ப் (முழு ஏற்றுமதி) எடுத்துப் புது மெஷினில் ரீஸ்டோர் பண்ணு, இண்டெக்ஸ் அங்கேயே புதிதாகக் கட்டப்படும். மூடவே கூடாது என்றால் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் போடு. அது ரோக்களாக அனுப்புவதால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் தானாக ஏறும் சீக்வென்ஸ் எண்களை நீதான் நகர்த்த வேண்டும். யாராவது ஏற்கெனவே மாற்றித் தொலைத்திருந்தால் ஆம்செக் எக்ஸ்டென்ஷனை வைத்து இண்டெக்ஸைப் பரிசோதித்து, பிறகு ரீஇண்டெக்ஸ். இரட்டைப் பதிவு இருந்தால் யூனிக் இண்டெக்ஸ் திரும்பக் கட்டும்போது நின்றுவிடும், முதலில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். வெறும் எண்ணும் தேதியும் உள்ள இண்டெக்ஸ்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லை.

அப்புறம், உன் கிளையண்ட் புரோகிராமை விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் தரப்போவதாகவும் மேஸ்திரி சொன்னான். நல்லது. ஆனால் எஸ்டிகே பக்கத்தில் "ஆதரிக்கப்படும் இயங்குதளம்: லினக்ஸ்" என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எந்த லினக்ஸ்? உபுண்டு 22.04இல் கட்டிய பைனரி, ஜிலிப்சியின் புது ஃபங்ஷன்களைத் தொட்டிருந்தால், பழைய மெஷினில் பதிப்பு காணோம் என்று சொல்லிக் கிளம்பவே மறுக்கும். பழையதில் கட்டியது புதியதில் ஓடும். ஆகவே நீ ஆதரிக்க நினைப்பதிலேயே பழைய மெஷினில் கட்டு. ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் கன்டெய்னரில் ஜிலிப்சியே இல்லை, மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரிதான். ஆரக்கிள் டேட்டாபேஸோடு இணைக்கும் இன்ஸ்டன்ட் கிளையண்ட் அங்கே திணறும்.

பைத்தான்காரர்கள் இதை நேர்மையாகச் செய்கிறார்கள். மெனிலினக்ஸ்_2_28 என்று பேக்கேஜின் பெயரிலேயே எழுதிவிடுகிறார்கள், ஜிலிப்சி 2.28க்குக் கீழே கேட்காதே என்று. மஸ்லுக்குத் தனிப் பெயர். பதிவிறக்கும்போதே கருவி பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. ஒவ்வொரு டேட்டாபேஸ் எஸ்டிகேயும் இயங்குதளத்திடம் என்னென்ன கடன் வாங்குகிறது என்று இப்படி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: சி லைப்ரரி, ஓப்பன்எஸ்எஸ்எல், நேர மண்டல டேட்டா, எழுத்து வரிசை. கடைசியாகச் சொன்னதை நான் பார்த்த எந்த நிபந்தனைப் பட்டியலிலும் போடவில்லை. போட்டிருந்தால் அந்த ஸ்டோர் கீப்பர் தலைகுனிந்து நின்றிருக்க வேண்டியதில்லை.

விண்டோஸில், புரோகிராமை டேட்டாபேஸோடு இணைக்கும் ஓடிபிசியைத் தொடுவதாக இருந்தால் ஒன்று மட்டும் நினைவில் வை. 64 பிட் நிர்வாகக் கருவி சிஸ்டம்32 ஃபோல்டரில், 32 பிட் கருவி சிஸ்வாவ்64 ஃபோல்டரில். இரண்டுக்கும் ஒரே ஃபைல் பெயர், அதுவும் 32 என்று முடியும் பெயர்! உன் புரோகிராம் எத்தனை பிட்டோ டிரைவரும் அத்தனை பிட்டாக இருக்க வேண்டும். எக்ஸலிலிருந்து இணைக்க முடியவில்லை என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றை இதைச் சொல்லியே முடித்துவிடுகிறேன். முடிந்தால் இயங்குதளத்து லைப்ரரி எதையும் கேட்காத டிரைவரையே தேர்ந்தெடு. ஜாவாவில் அது பழைய வழக்கம். ஆரக்கிளின் பைத்தான் டிரைவரிலும் 2022 முதல் தின் மோடு இயல்பாகவே இருக்கிறது, கிளையண்ட் லைப்ரரியே தேவையில்லை.

கிளைகளுக்குத் தனித்தனியாக எடுத்துப்போகும் பதிவுகளுக்கு ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட் போதும். 2004இல் வந்த 3ஆம் பதிப்பு முதல் ஃபைல் வடிவம் மாறவில்லை. எந்த இயங்குதளத்திலும் எந்த பிராசசரிலும் அதே ஃபைலைத் திறக்கலாம், 2050 வரை ஆதரவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இயல்பாக பைட் பைட்டாக ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதால் ஜிலிப்சி மாறினாலும் அதற்குக் கவலையில்லை. மென்பொருள் எழுதுவோர் இப்படி வாக்குக் கொடுத்துக் காப்பாற்றுவதைப் பார்க்கும்போது இந்தத் தொழில்மேல் எனக்குப் பழைய மரியாதை திரும்ப வருகிறது.

போஸ்ட்கிரஸிலும் உறுப்பினர் எண்ணுக்கு சி வரிசை (பைட் பைட்டாக ஒப்பிடுவது) வை, அது எந்த மெஷினிலும் மாறாது. உறுப்பினர் பெயருக்கு மட்டும் அதை வைக்காதே. யூனிகோடு எண் வரிசையில் ந வுக்கு அடுத்து ன வருகிறது, ள வுக்கு முன்னால் ற. அப்படி அடுக்கினால் வனஜா முதலிலும் வள்ளி பின்னாலும் வருவார்கள். உன் செயலாளர் தமிழ் வாத்தியாராக இருந்தவர், பட்டியலைப் பார்த்த உடனே திருப்பி அனுப்புவார். பெயர்ப் பட்டியல் எடுக்கும்போது ஐசியு என்ற யூனிகோடு லைப்ரரி தரும் தமிழ் வரிசையைக் கேள். அதற்கு இண்டெக்ஸ் போட்டால், ஐசியு பதிப்பு மாறும்போது அதையும் திரும்பக் கட்ட வேண்டும். ஆனால் இதில் போஸ்ட்கிரஸ் எச்சரித்துவிடும்.

அந்த 1-1, 11 சோதனையை இரண்டு மெஷினிலும் ஓட்டிப் பார்த்து, வந்ததை வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. லாஜிக்கல் ரெப்ளிகேஷனுக்கு ஒவ்வொரு டேபிளிலும் பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் ஃபீல்டு) இருக்கிறதா என்றும் பார். இல்லாத டேபிள்களின் பட்டியலை எழுதி வை. கவுன்டரை மூட செயலாளர் சம்மதிக்காவிட்டால் நானே அவரிடம் பேசுகிறேன். தேவைப்பட்டால் சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுகிறேன், மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு வருவேன். அம்மாவிடம் சொல்லி வை.

அன்புடன்,
ஒல்லி