சுங்கை சிப்புட்டுக்கு வந்து போனவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களுக்கும், கோயில் கமிட்டி அண்ணன்மாருக்கும், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

நன்றி மடல் என்றால் போதகரில் ஆரம்பித்து, ஒலிபெருக்கிக்காரரில் முடிப்பதுதான் வழக்கம். இந்த முறை முதல் நன்றி தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டிக்கு. ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும், வீடு வீடாகப் போய்ச் சாட்சி சொல்லவும் மருத்துவ மேசை போடவும் எங்கள் சபையின் இரண்டு நாள் ஊழியத்துக்கு வந்தவர்கள் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு நாளும் அவர்கள் சாப்பிட்டது கோயில் அண்டாவில்தான்.

எங்கள் சபையில் இருக்கும் பாத்திரம் ஞாயிற்றுக்கிழமை தேநீருக்குத்தான் காணும். கோயில் தலைவரிடம் போய்க் கேட்டதற்கு, "தாராளமா எடுத்துக்கங்க, கூடாரமும் நாற்காலியும் சேத்தே எடுத்துக்கங்க. கவிச்சி மட்டும் படக்கூடாது" என்றார். நியாயம்தானே. ஆனால் அதற்குள் கோழி வாங்கியாகிவிட்டது. கடைத்தெருவில் கோப்பிக் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே, தன் பெரிய குவாலிச் சட்டியைத் தந்து காப்பாற்றினார். சபைக்கு முன்புறம் சாம்பாரும் பாயசமும், பின்புறம் வேலியோரம் கோழிக்கறி என்று சமையல் நடந்தது. கோயில் அண்டாக்களை மாதர் சங்கத்து அக்காமார் புளி போட்டுத் தேய்த்துத் திருப்பிக் கொண்டுபோனபோது தலைவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "நாங்க குடுத்தப்போ இவ்வளவு பளபளப்பா இல்லையே" என்றார். அக்காமாருக்கு இதைவிட வேறு பாராட்டு வேண்டாம்.

செம்பனைப் பாதையில் மழைச் சேற்றில் சிக்கிய வேனை இழுத்துவிட்ட டிராக்டர் தம்பிக்கும் நன்றி. நேப்பாளத்துக்காரர். காசு கொடுத்தால் வாங்கவில்லை, ஒரு தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீர், குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை இரவு நடந்த ஆயத்தக் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மலேசிய அரசியலமைப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, முஸ்லிம்களிடையே மற்ற மதப் போதனைகளைப் பரப்புவதை மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்தலாம் என்கிறது. எங்கள் பேராக் மாநிலத்திலும் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் ஆட்கள் மட்டுமே இருந்த லயங்களில் இன்று இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் குடியிருக்கிறார்கள். அதனால் எந்த வீட்டுக்குப் போவது, எந்த அறைக்குப் போகக்கூடாது என்பதைக் கொஞ்சம் கறாராகவே சொன்னோம். நகரத்திலிருந்து வந்த படித்த பிள்ளைகள், முகம் சுளிப்பார்களோ என்று எனக்கு ஒரு யோசனை இருந்தது. ஒருவரும் சுளிக்கவில்லை. ஒரு தங்கை நோட்டுப் புத்தகத்தில் வீட்டு வரிசையையே வரைந்து வைத்துக்கொண்டார்.

மருத்துவ மேசையைக் கூடாரத்தில் போட்டு, ஜெபத்துக்கும் துண்டுப் பிரதிகளுக்கும் சபை மண்டபத்தின் உள்ளே இடம் ஒதுக்கியது ஈப்போவிலிருந்து வந்த தாதியர் அக்காவின் யோசனை. பிரஷரும் இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) பார்க்க யார் வேண்டுமானாலும் வரலாம், பார்த்துவிட்டு அப்படியே வீட்டுக்கும் போகலாம். வங்காளதேசத் தொழிலாளர்கள் வந்தார்கள். பிரஷர் பார்த்துக்கொண்டு, காகிதக் கோப்பையில் பால் இல்லாத தே ஓவும் பாக்கெட் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். துண்டுப் பிரதி எதுவும் அவர்கள் கைக்குப் போகவில்லை. இரண்டு மேசையையும் ஒன்றாகப் போட்டிருந்தால் விரலில் குத்தும்போதே உபதேசமும் செய்கிறார்கள் என்று பேச்சு வந்திருக்கும். அப்படிப் பேசுவதில் தப்பும் இருந்திருக்காது.

கூடாரத்தின் இன்னொரு மூலையில், அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடே காலம் தள்ளிவிட்ட பாட்டிமாருக்குக் குடியுரிமை விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்தார். "கெடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா தாள் எல்லாம் ஒழுங்கா இருக்கும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். தேர்தல் நேரத்தில் வருகிறவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை, பழைய லயத்தின் கடைசி வீட்டுக்கு வழிகாட்ட நானும் போயிருந்தேன். பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்துத் தாத்தா அவர், ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவர். பினாங்கில் வெல்டிங் வேலை செய்யும் தம்பி ஒருவர் வாசலில் நின்று வணக்கம் சொன்னதும், தாத்தா நாற்காலியைக் காட்டினார். "ஒங்க கதையச் சொல்லத்தான வந்திருக்கீங்க? மொதல்ல எங் கதையக் கேளுங்க."

கேட்டோம். 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்தில் கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரத் துரையைச் சுட்டபோது அவர் சின்னப் பையன். அப்புறம் அவசரகாலம், முள்வேலி, காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாது என்று, பால் வெட்டப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம்கூட எடுத்துப் போகாதபடி கேட்டில் நிறுத்திச் சோதித்தது. 1960-ல், தொழிலாளர் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு சேர்த்தது. கடைசியில் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டது. தம்பி குறுக்கே பேசவில்லை, பையில் இருந்த வேதாகமத்தை எடுக்கவும் இல்லை. கேட்ட கேள்வியெல்லாம் தாத்தாவின் கதையைப் பற்றித்தான்.

"சரி, இப்ப நீ சொல்லு. ஒங்கப்பன் என்ன சாமி கும்புட்டாரு? நீ ஏன் மாறினே?"

"அப்பாவுக்கு முனியாண்டிதான் தாத்தா. நான் சம்சு சாராயத்துல கெடந்தேன். சம்பளத்தன்னிக்கு வீட்டுக்குப் போகமாட்டேன். பக்கத்து வீட்டு அக்கா எனக்காக ஜெபம் பண்ணாங்க, எம் பொண்டாட்டி புள்ளைக்குச் சோறு குடுத்தாங்க. மொதல்ல எனக்குச் சோறுதான் புரிஞ்சது. இயேசுவப் பத்தி அப்புறந்தான் போய்க் கேட்டேன். அவரு என்னைத் தூக்கி விட்டாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் தாத்தா."

தாத்தா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். "நல்லது. நான் முனியாண்டிய விடமாட்டேன். ஆனா இந்த முட்டி வலிக்கு ஒங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ." தம்பி சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டு, நாலே வரியில் ஜெபித்து ஆமென் சொன்னார். "சுருக்கமா முடிச்சிட்டியே, நல்ல பையன்" என்றார் தாத்தா. எங்கள் சபையில் நீளமாக ஜெபிக்கிறவர்கள் சிலர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

உங்களிடம் விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் என்று பேதுரு எழுதியதை எத்தனையோ ஞாயிறு வாசித்திருக்கிறோம். கேட்காதவர் வாசலில் ஒலிபெருக்கி வைப்பதைப் பற்றி அந்த வசனத்தில் ஒன்றும் இல்லை. வந்தவர்களில் ஒருவர்கூட அடுத்தவர் சாமியைக் குறைத்துப் பேசவில்லை. ஒரு வீட்டில் கோயிலுக்குப் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, "கட்டிக்கிட்டே கேக்குறேன், நீ பேசு" என்றிருக்கிறார். போன தங்கை பூவை எடுத்து எடுத்துக் கொடுத்தபடியே தன் சாட்சியைச் சொல்லியிருக்கிறார். இது சரியா என்று எங்கள் ஆட்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். சரிதான் என்று சொன்னேன், இப்போதும் அதையே சொல்கிறேன்.

இதற்கெல்லாம் நன்றி சொல்ல எங்களுக்குத் தனிக் காரணம் இருக்கிறது. நீங்கள் ஞாயிறு மாலை இடிஎஸ் ரயில் ஏறிவிட்டீர்கள். திங்கள் காலையில் இவர்களோடு ஒரே கடையில் காய்கறி வாங்குகிறவர்கள் நாங்கள். பாதி வருஷம் முகம் பார்க்காமல் திரிய வேண்டிய மாதிரி எதையும் நீங்கள் விட்டுப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தத் தாத்தா என்னைக் கடையில் பார்த்து, "வெல்டிங் பையன் எப்ப வருவான்?" என்று கேட்டார். தம்பி, இதைப் படித்தால் பதில் போடுங்கள்.

எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்று வெளியூரிலிருந்து சிலர் போன் போட்டுக் கேட்கிறார்கள். அந்தக் கணக்கு செயலாளரான என் கையில் இல்லை. என் கையில் இருப்பது கூடாரம், அண்டா, அரிசி, பெட்ரோல் கணக்கு. அதை அடுத்த சபைக் கூட்டத்தில் வாசிப்பேன்.

நெற்றி வேர்வை துடைக்க நேரமில்லாமல் அடுப்படியில் நின்ற மாதர் சங்கத்துக்கும், படுக்க வீடு கொடுத்த குடும்பங்களுக்கும், ராத்திரி வெகுநேரம் கிட்டார் வாசித்தும் புகார் செய்யாத பக்கத்து வீட்டாருக்கும் நன்றி.

மண்டபத்தில் ஒரு நீலக் குடை, ஒரு மூக்குக்கண்ணாடி, இடது கால் செருப்பு ஒன்று கிடக்கின்றன. உடையவர்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் தெரிவித்தால் ஈப்போ பக்கம் வரும்போது கொண்டுவந்து தருகிறோம். செருப்புக்காரர் வலது காலையும் பத்திரமாக வைத்திருக்கவும்.

இப்படிக்கு,
தமிழ்ச் சபைச் செயலாளர்,
சுங்கை சிப்புட், பேராக்