ஹெலிகாப்டர் போட்ட வகையுளி

ரோஸ் ஹில், மொரிஷியஸ்

மாப்ளே,

பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை, திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. இங்கே எல்லோரும் சுகம். உன் தங்கச்சியின் முழங்கால் வலி அப்படியேதான். மீசைக்காரர் இந்த வருஷமும் சங்கத் தேர்தலில் நின்றார், வழக்கம்போலத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி நர்சிங் சேர்ந்திருக்கிறாள். ராத்திரி சாப்பிட்டதும் இங்கிலீஷ் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பாள். நியுமோனியா என்கிறாள், எட்டிப் பார்த்தால் எழுத்தில் முன்னால் ஒரு ‘பி’ நிற்கிறது, ஊமையாக. அதே பிள்ளை டயர் கடைப் பலகையைப் பிரெஞ்சில் ‘ப்னே’ என்று அந்தப் ‘பி’ தெறிக்கத்தான் வாசிக்கிறாள். இரண்டுமே கிரேக்கத்துச் சரக்கு. கிரேக்கனுக்கு ப்ன, ப்ஸ, ப்ட என்று சொல்லைத் தொடங்குவது சர்வசாதாரணம். இங்கிலீஷ்காரனுக்கு நாக்கு ஒத்துவரவில்லை, எழுத்தில் வைத்துக்கொண்டு வாயில் விட்டுவிட்டான். நாம் மட்டும் என்ன, ஸ்கந்தனைக் கந்தன் ஆக்கினோம், ஸ்தலத்தைத் தலம் ஆக்கினோம். ஆனால் எழுத்திலும் சேர்த்தே வெட்டினோம், அந்த நேர்மைக்கு நமக்கு ஒரு மார்க் கூடவே போடலாம்!

அதே ‘பி’ சொல்லுக்கு நடுவில் வந்தால் பிழைத்துக்கொள்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று போகும் கோளாறு இருக்கிறதே, ஆப்னியா, அதில் ‘ஆப்’ என்று முன்னசைக்கு ஒற்றாகப் போய் ஒட்டிக்கொள்கிறது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஹெலிகாப்டர். 1861-இல் பொன்தோன் தாமேகூர் என்ற பிரெஞ்சுக்காரர் கிரேக்கத்திலிருந்து கட்டிய சொல் அது. ஹெலிக்ஸ் என்றால் சுருள், ப்டெரோன் என்றால் சிறகு. முறைப்படி பிரித்தால் ஹெலிகோ, ப்டர். ஆனால் இங்கிலீஷில் ‘ப்ட’ அசைக்கு முதலில் வராது, அதனால் ‘பி’ முன்னால் தாவி காப், டர் என்று ஆகிவிட்டது. அப்புறம் கேட்கிறவன் காதில் ஹெலி தனி, காப்டர் தனி. அதை வைத்தே ஹெலிபேட் என்றார்கள், குவாட்காப்டர் என்றார்கள். சிறகு இரண்டாகக் கிழிந்தது யாருக்கும் தெரியவில்லை.

செய்யுளில் சீருக்காகச் சொல்லைப் பொருள் கெடப் பிரிப்பதை வகையுளி என்போமே, இது அது இல்லாமல் வேறென்னடா? தளை தட்டக்கூடாது என்று சொல்லை நடுவில் பிளந்ததற்கு, சிதம்பரத்தில் நம் யாப்பு வாத்தியார் வகுப்பு முடியும்வரை நம் இருவரையும் நிற்க வைத்தாரே! இங்கே ஒரு மொழியே வகையுளி போட்டு, கிழிந்த துண்டை அகராதியிலும் ஏற்றிவிட்டது. அவர் இருந்திருந்தால் முதலில் அவருக்குத்தான் எழுதியிருப்பேன்.

பேத்தி எல்லாவற்றையும் ரசித்துத்தான் கேட்டாள். ஆனால் மாப்ளே, இவ்வளவையும் அவளுக்கு நான் இங்கே பேசுகிற கிரியோல் மொழியில்தான் சொன்னேன். நேர், நிரை என்ற அசைப் பெயர்கள், இந்த இரண்டு மட்டும்தான் தமிழ். தேவாரத்தை ரோமன் எழுத்தில் பார்த்துப் பாடுகிற பிள்ளை, அழகாகத்தான் பாடுகிறாள், அதற்குமேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. போன வாரம் அவளே வந்து ‘கந்தன்’ எந்த அசை என்று கேட்டாள். நேர் நேர், தேமா என்றேன். அடுத்தது வேண்டுமாம்.

அதனால்தான் கேட்கிறேன், உன் யாப்பு நோட்டு இன்னும் இருக்கிறதா? பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பு. ஓரத்தில் நீ வரைந்த வார்டன் படங்களை மட்டும் மறைத்துவிடு.

உன்
பங்காளி