இழுவைத் தொட்டி இல்லாத ஊரிலிருந்து

யாழ்ப்பாணம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததைக் கேட்டு அம்மாவுக்குச் சரியான சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம்.

கப்பலைச் சுற்றி ஓடும் நீரைக் கணினியில் கணிக்கும் வேலை எந்தளவில் நிற்கிறது என்று கேட்டிருந்தாய். பொறியியல் முடித்த பெடியள் இரண்டு பேர் பின்னேரங்களில் வருகிறார்கள். ஓப்பன்ஃபோம் என்ற நீரோட்டக் கணிப்பு மென்பொருள் இலவசம் என்பதால் தொடங்க முடிந்தது. தீவுப் பக்கம் ஓடும் பயணிகள் படகுக்கு எரிபொருள் குறைவாகப் பிடிக்கும் வடிவம் ஒன்று வரைய வேண்டும் என்பது அவர்களின் ஆசை. நேரே படகில் கை வைக்க நான் விடவில்லை. விடை தெரிந்த கணக்கு ஒன்றை முதலில் செய்து காட்டட்டும் என்றேன்.

எடுத்தது கேசிஎஸ் கொள்கலன் கப்பல். கொரியாவில் வரைந்த 230 மீற்றர் கப்பல். நிசத்தில் கட்டப்படவே இல்லை. ஆனால் அதன் 7.28 மீற்றர் மாதிரியை இழுவைத் தொட்டியில், அதாவது மாதிரிக் கப்பலை இழுத்து அளக்கும் நீண்ட நீர்த்தொட்டியில், இழுத்து எடுத்த அளவுகள் யாரும் பார்க்கத் திறந்து கிடக்கின்றன. தொட்டி இல்லாத நம்மைப் போன்ற ஊருக்கு அது எவ்வளவு பெரிய கொடை!

முதல் கணிப்பிலேயே மொத்தத் தடை, அதாவது கப்பலை நீர் பின்னுக்கு இழுக்கும் விசை, தொட்டி அளவுக்கு மிகக் கிட்ட வந்தது. பெடியளுக்குத் தலைகால் புரியவில்லை. சரி, மெஷ்ஷை, அதாவது கணினி நீரைப் பிரித்துக் கணிக்கும் சின்னக் கட்டங்களின் வலையை, நுணுக்கிப் பாருங்கள் என்றேன். ஒவ்வொரு திசையிலும் ரூட் 2 மடங்கு நுணுக்கினால் கட்டங்கள் ஏறத்தாழ 2.8 மடங்காகும், கணினி இரவிரவாக ஓடியது. விடை தொட்டி அளவை விட்டு விலகிப் போனது. இன்னும் நுணுக்கிய பிறகுதான் ஓரிடத்தில் நிலைகொள்ளத் தொடங்கியது. முதலில் பொருந்தியது தற்செயல் என்று அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது.

தற்செயல் எப்படி வருகிறது என்பதைத்தான் கனநேரம் கதைத்தோம். அந்த மாதிரி, நொடிக்கு சுமார் 2.2 மீற்றர் வேகத்தில் இழுபடுகிறது. சர்வதேச இழுவைத் தொட்டி மாநாட்டின் 1957ஆம் ஆண்டு உராய்வுச் சூத்திரத்தில் (ஐரிரிசி) போட்டுப் பார், தடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வெறும் உராய்வு. அலையும் மற்றவையும் மீதி ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கில் 20 சதவீதம் பிழைத்தாலும் மொத்தத்தில் 4 சதவீதம்தான் தெரியும். உராய்வு மறுபக்கம் கொஞ்சம் பிழைத்துவிட்டால் அதுவும் மறைந்துவிடும். ஆகவே மொத்தத் தடை ஒன்றை மட்டும் காட்டிச் சரி என்பவரை நான் நம்பமாட்டேன். கப்பலின் பக்கவாட்டில் அலை எவ்வளவு உயர்கிறது, புரொப்பெல்லர் இருக்கும் இடத்தில் நீர் என்ன வேகத்தில் வருகிறது, இரண்டையும் பார்க்க வேண்டும். பின்புறம் பருத்த கேவிஎல்சிசி2 எண்ணெய்க் கப்பலில் இது இன்னும் கடினம். அங்கே சுழல் ஒன்று உருண்டு வந்து, சம வேகமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளைக் கொக்கி போல வளைத்துவிடும். நீரின் கொந்தளிப்பைக் கணிக்கக் கணினியில் போடும் சமன்பாடுகள் நல்லதில்லையென்றால் அந்தக் கொக்கி வராது.

தொட்டியையே மனிதர்கள் சும்மா நம்பவில்லையே. ஆங்கிலேயப் பொறியியலாளர் வில்லியம் ஃப்ரூட் 1870களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டோர்கேயில் தொட்டி கட்டிய அதே காலத்தில், கிரேஹவுண்ட் என்ற உண்மைக் கப்பலையும் கடலில் இழுப்பித்து அளந்து, மாதிரியோடு ஒப்பிட்டார். கணினிக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

இப்போது என் கவலை வேறு. கேசிஎஸ் அளவுகள் ஆழமான நீருக்குரியவை. எங்கள் தீவுக் கடல் அப்படியா? 2 மீற்றர் ஆழம் என்று வைத்துக்கொள். அங்கே அலை ஓடக்கூடிய உச்ச வேகம் நொடிக்கு 4.4 மீற்றர், அதாவது சுமார் 8.6 நொட். படகு அந்த வேகத்தை நெருங்கும்போது அலைத்தடை குபீரென்று ஏறும், பின்புறம் அமிழும். கேசிஎஸ்ஸில் சரிவந்த அதே அமைப்பு இங்கேயும் சரிவரும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சனம் ஏறிப் போகிற படகு, மச்சான்.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். உங்கள் தொட்டியில் ஆழமற்ற நீரில் இழுத்த மாதிரி ஏதும், வெளியே கொடுக்கக்கூடியதாக இருந்தால் அனுப்பு. உடல் வடிவக் கோப்பு, நீரின் ஆழம், வேகம், தடை, அமிழ்வு எல்லாம் வேண்டும். அளவீட்டில் எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதையும் மறக்காமல் எழுது. அது இல்லாமல் ஒப்பிட்டுப் பிரயோசனமில்லை. அனுமதி இல்லாததை அனுப்பி வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. பெடியள் அதுவரை கேவிஎல்சிசி2இல் மினைக்கெடட்டும்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன் பழைய பக்கத்து வாங்கு நண்பன்