பெரிய பாதி, சின்னப் பாதி: தொடக்க வகுப்புக் கணக்குப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பாடநூல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். "எனக்குப் பெரிய பாதி வேணும்" என்று குழந்தைகள் கேட்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவர்களுக்குப் பாதி என்றால் இரண்டு துண்டில் ஒன்று, அவ்வளவுதான். இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள் இன்னும் நுழையவில்லை. நம் பாடநூல்களும் அதை நுழைய விடுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

பின்னப் பாடத்தில் வரும் படங்கள் எல்லாமே ஏற்கெனவே சமமாக வெட்டப்பட்டவை. குழந்தை மொத்தத் துண்டுகளை எண்ணுகிறது, வண்ணம் தீட்டியதை எண்ணுகிறது, 1/3 என்று எழுதுகிறது. விடை சரி. ஆனால் சமம் என்ற யோசனையே அதற்குத் தேவைப்படவில்லை. ஒரு சதுரத்தின் நடுவே கோடு போட்டு, வலப்பக்கத்தை மட்டும் மறுபடி இரண்டாக வெட்டிக் காட்டுங்கள். இடப்பக்கத் துண்டு எவ்வளவு என்று கேட்டால், என் வகுப்பில் பலரும் தயங்காமல் 1/3 என்றுதான் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சமமில்லாத படத்தை அவர்கள் பார்த்ததே இல்லையே!

ஆகவே தொகுதி, பகுதி என்ற சொற்கள் வருவதற்கு முன்பே சமமில்லாத படங்களையும் சேருங்கள். ஒரு வட்டத்தில் சம இடைவெளியில் இரண்டு நேர்க்கோடுகள் போட்டு மூன்று பட்டைகளாக்குங்கள். பட்டைகளின் அகலம் ஒன்றுதான். ஆனால் நடுப்பட்டை முழு வட்டத்தில் 2/5-ஐவிடச் சற்றுக் கூடுதல், ஓரத்துப் பட்டை ஒவ்வொன்றும் 3/10-க்கும் குறைவு. இந்த எண்கள் குழந்தைக்கு வேண்டாம். "இது மூன்றில் ஒன்றா?" என்று கேட்டாலே போதும், வகுப்பில் நல்ல சண்டை கிளம்பும்.

அப்புறம், சமம் என்றால் ஒரே வடிவம் என்று நினைக்கிற குழந்தைகளும் உண்டு. ஒரு செவ்வகத் தாளில் இரண்டு மூலைவிட்டங்களையும் வரைந்தால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். இரண்டு ஒரு வடிவம், மற்ற இரண்டு வேறு வடிவம். ஒவ்வொன்றையும் தாளின் மையத்திலிருந்து ஓரத்தின் நடுப்புள்ளி வரை வெட்டினால், ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தும் எட்டுத் துண்டுகள். முக்கோணத்துக்கு இரண்டு. ஆக, நான்குமே கால்தான். எத்தனை தடவை செய்தாலும் எனக்கே இது அலுப்பதில்லை.

தாள் மடிப்புக்கும் இடம் கொடுங்கள். பாதி பாதியாக மடித்துக்கொண்டே போனால் அரை, கால், அரைக்கால், வீசம் என்று நம் சொற்களே கூட வரும். அரைக்கால் என்றால் காலில் பாதி என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. மூன்றாக மடிப்பதுதான் கடினம். நகர்த்தி, சரிபார்த்து, மறுபடி மடிக்க வேண்டும். கஷ்டம் என்று அதை விட்டுவிடாதீர்கள். சமத்துக்காகக் குழந்தை மெனக்கெடுவது அங்கேதான்.

முதல் பயிற்சியில் கோடு போட்ட படம் வேண்டாம். வெறும் சதுரத்தைக் கொடுங்கள். கோட்டைக் குழந்தையே போடட்டும்.

அன்புடன்,
ஒரு தொடக்கநிலை ஆசிரியை