தையல் குழு: சனிக்கிழமை ஜப்லா வகுப்பு

அக்காமார், மதினிமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். வரும் 12ஆம் தேதி சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு, நம்ம பாளையங்கோட்டை குடியிருப்பு மாடி அறையில் கூடுகிறோம். பச்சைப்பிள்ளை ஜப்லா தைப்போம். நேரம் மிஞ்சினால் சித்திரை வெயிலுக்குக் கையில்லா ஃபிராக்.

1. 36 அங்குல அகல மல் துணி, அரை மீட்டர். முந்தின நாளே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டு வரவும். நனைக்காத துணி முதல் சலவையில் சுருங்கி அக்குளில் பிடிக்கும்.

2. பேட்டர்னை (துணி வெட்டும் அளவுப் படம்) 'ஆக்சுவல் சைஸ்' வைத்து ஏ4 தாளில் அச்சிடவும். 'ஃபிட்' வைத்தால் அளவு குறையும். ஓரத்திலுள்ள 1 அங்குலக் கட்டத்தை ஸ்கேலால் அளந்த பிறகே கத்தரியை எடுக்கவும்.

3. பேட்டர்னில் தையலுக்கு இடம் விடவில்லை. பக்கம், தோள், அடி மூன்றுக்கும் அரை அங்குலம் கூட்டவும். கழுத்து, கைக்குழிக்கு வேண்டாம். அங்கே ஓரத்தை மூடித் தைக்கும் கிராஸ் பட்டை வரும். பட்டை அகலம் 1¼ அங்குலம், மூலைவாட்டில்தான் வெட்ட வேண்டும். துணி மிச்சமாகும் என்று நேர்வாட்டில் வெட்டினால் வளைவில் சுருக்கம் விழுந்து பிள்ளை கழுத்தை உறுத்தும்.

4. ஊசி 11ஆம் நம்பர். 16 போட்டால் மல்லில் ஓட்டை தெரியும்.

5. பட்டன் வேண்டாம், கழன்றால் வாய்க்குள் போகும். கட்டு நாடா போதும். 6 அங்குலத்துக்கு மேல் நீளம் கூடாது.

மெஷின் 4தான் இருக்கிறது. வருகிறவர்கள் வியாழன் இரவு 8 மணிக்குள் பெயரும், பிள்ளைக்கு எத்தனை மாதம் என்பதும் இங்கே போடவும். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் கணக்கில் சேராது!